சிவப்புப் பொட்டு வைத்த மூடி

ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். இரண்டையும் மிஞ்சிய தீனிப் பண்டாரம் ஒன்று உண்டு, அதற்குப் பெயர் கேஸ் குரோமட்டோகிராஃப் என்பாள் நோரா. அடையாறில், பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே, பல் டாக்டர் ஒருவரின் மாடியில் இருந்த பரிசோதனைக் கூடத்தில் அப்படி இரண்டு நின்றன. பார்க்கக் குள்ளமான பீரோ மாதிரிதான் இருக்கும். ஆனால் அவற்றுக்கு அன்றாடம் போடும் தீனியைப் பட்டியல் எடுத்தால் கல்யாணச் சமையல்காரர் பட்டியல் தோற்றுவிடும். ஊசி குத்தும் இடத்தில் ஒரு ரப்பர் வில்லை, அதன் கீழே ஒரு கண்ணாடிக் குழாய், ஹீலியம் சிலிண்டர், அப்புறம் குப்பிகள். சுண்டுவிரலில் பாதி உயரம் இருக்கும் அந்தக் கண்ணாடிக் குப்பிக்குத் தலையில் நீல மூடி. மிளகாய்ப் பொடியோ டீத்தூளோ நல்லெண்ணெயோ, பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்க எது வந்தாலும் அதன் சாற்றை இறக்கிக் குப்பியில் ஊற்றி இயந்திரத்தின் தட்டில் வைக்க வேண்டும். ஊசி மூடியைக் குத்தி ஒரு துளி உறிஞ்சும். அதோடு குப்பியின் ஆயுள் முடிந்தது. ஒருமுறை குத்திவிட்டுத் தூக்கிப் போடத்தான் கம்பெனிக்காரன் அதைச் செய்கிறான்.

நோராவுக்கு அங்கே இருபத்து மூன்று வருஷ சர்வீஸ். காலையில் சாந்தோமிலிருந்து பஸ், மாலையில் அடையாறிலிருந்து பஸ், நடுவில் இந்த இரண்டு பீரோக்கள். முட்டி வலி, வலது மணிக்கட்டு வலி, கண்ணாடியின் நம்பர் இவை மூன்றும்தான் அவளுக்குத் தவறாமல் கிடைத்த இன்கிரிமென்ட்.

போன ஆகஸ்டில் முதலாளி பாலகணேஷ் எல்லாரையும் உட்காரவைத்துப் பேசினார். சோதனைக் கட்டணத்தைப் போட்டிக்காரர்கள் பாதியாகக் குறைத்துவிட்டார்கள், இனி செலவும் பாதியாக வேண்டும் என்றார். அதே வாரம்தான் வரவேற்பறைக்குப் புதிய சோபாவும் சுவரில் ஒரு செயற்கை அருவியும் வந்தன. பூசணிக்காய் போன இடம் தெரியாது, கடுகு போன இடம் ஆராய்வார் என்று சும்மாவா சொன்னார்கள். ஆனால் நோரா அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடுகை ஆராய்வதில் அவளுக்கே ஒரு ருசி இருந்தது. சொற்பச் சம்பளத்தில் வீட்டை ஓட்டிய மனுஷி. சோப்பின் கடைசிச் சில்லைப் புதுச் சோப்பில் ஒட்டித் தேய்ப்பவள்.

அவள் இறங்கி வேலை செய்தாள். இயந்திரம் சும்மா நிற்கும் நேரத்தில் ஹீலியத்தை மெல்ல ஓடவிட்டாள். நூறு குத்துக்கு ஒரு முறை மாற்றிய ரப்பர் வில்லையை இருநூறுக்குத் தள்ளினாள். ஒரு சாம்பிளை இரண்டு குப்பியில் ஊற்றி இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பதே வழக்கம், அது ஒன்றாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, குப்பிகளைக் கழுவ ஆரம்பித்தாள். குத்துப்பட்ட மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, குப்பியை மட்டும் அசிட்டோனில் மூன்று அலசு அலசி, ஓவனில் காயவைத்து, புது மூடி போட்டால் ஆயிற்று. முதல் அலசுக்கு நேற்றைய அசிட்டோனே போதும் என்பதும் அவள் கண்டுபிடிப்புதான். புதுக் குப்பிப் பெட்டிகள் இரும்பு அலமாரிக்குள் போயின. சாவி அவள் கைப்பைக்குள் போயிற்று. பொங்கலுக்கு பாலகணேஷ் அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார். அதை அவள் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. லேபிலேயே கையுறைப் பெட்டிக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாள்.

இங்கே சிவப்புப் பொட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எந்தப் பூச்சிமருந்தைத் தேடுகிறார்களோ அந்த மருந்தையே அளந்து கரைத்து ஒரு குப்பியில் வைத்திருப்பார்கள். அதை முதலில் ஓட்டி, வரைபடத்தில் அதன் மேடு எந்த நிமிஷத்தில் எழும்புகிறது என்று பார்த்துக்கொண்டால்தான் சாம்பிளில் அதே மேடு இருக்கிறதா என்று சொல்ல முடியும். அந்த மருந்துக் குப்பி சாம்பிள் குப்பிகளோடு கலந்துவிடக் கூடாது. அதனால் அதன் மூடியில் சிவப்பு மார்க்கரால் ஒரு பொட்டு. நோரா சேர்ந்த வருஷத்தில் அவளே தொடங்கிவைத்த பழக்கம் அது. கண்ணாடியில் எழுதினால் அசிட்டோன் கை பட்டதும் மை அழிந்துவிடும், மூடியில் வைத்தால் நிற்கும். அப்போது குப்பியும் மூடியும் ஒன்றாகவே குப்பைக்குப் போயின. அதனால் இருபது வருஷமும் பொட்டு மூடியில் இருந்ததில் ஒரு குறையும் வரவில்லை.

சித்திரை பிறந்து ஒரு வாரத்தில் தாயம்மாவின் மிளகாய்ப் பொடி வந்தது. மந்தைவெளிக்குப் பின்னால், கால்வாய் ஓரத்துக் குடியிருப்பில் ஒன்பது பெண்கள் சேர்ந்து மசாலா அரைக்கிறார்கள். அந்தக் குழுவுக்குத் தாயம்மா தலைவி. தி.நகரில் மூன்று கிளை வைத்திருக்கும் ஒரு மளிகைக் கடை அவர்களிடம் மாதாமாதம் மிளகாய்ப் பொடி எடுப்பதாகச் சொல்லி, பூச்சிமருந்து இல்லை என்று ஒரு ரிப்போர்ட் மட்டும் கேட்டது. குழுவில் மிளகாய் வாங்கும் பொறுப்பு கயலுடையது. கயல், தாயம்மாவின் தம்பி மகள். முப்பது வயது, ஒரு பெண் குழந்தை, புருஷன் இல்லை.

ரிப்போர்ட்டில் எத்தியான் என்ற பூச்சிமருந்து அளவுக்கு மேல் இரண்டு மடங்கு இருந்தது. கையெழுத்து நோராவுடையது. கடைக்காரர் ஆர்டரை ரத்து செய்துவிட்டார். மறுநாள் அத்தையும் மருமகளும் படியேறி வந்தார்கள். தாயம்மா சோபாவில் உட்காராமல் நின்றபடியே இருந்தாள். கயல்தான் பேசினாள். ஒவ்வொரு மூட்டையிலும் கைவிட்டு, காயை ஒடித்து, முகர்ந்து பார்த்து வாங்கினதாகவும், விலை கூடக் கொடுத்துத் தெரிந்த ஆளிடம் வாங்கினதாகவும் சொன்னாள். இன்னொரு தபா பார்க்கச் சொல்லிக் கேட்டாள்.

மறுசோதனைக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது புது விதி. அதைச் சொன்னாள் நோரா. அன்று காலை முதல் பதினேழு சாம்பிள், மணிக்கட்டு விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. பேச்சை முடித்துவிட்டால் போதும் என்றிருந்தது.

"மெஷினுக்கு உங்களயும் தெரியாது, என்னயும் தெரியாதும்மா. உள்ள என்ன இருக்கோ அதச் சொல்லும். அவ்ளோதான்."

தாயம்மா திரும்பிக் கயலைப் பார்த்த பார்வையை நோரா பார்த்தாள். பார்த்துவிட்டு அடுத்த சாம்பிளுக்குப் போய்விட்டாள்.

பத்து நாள் கழித்துத் தாயம்மா மல்லித்தூளோடு தனியாக வந்தாள். கயலைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டோம் என்று தானாகவே சொன்னாள். மட்ட மிளகாயை வாங்கி மிச்சக் காசை அமுக்கிவிட்டாள் என்று எல்லாரும் பேசுகிறார்களாம். ஒன்பது பேரையும் உட்காரவைத்து, எல்லார் எதிரிலும் கேட்டார்களாம். அவள் பிள்ளை மேல் சத்தியம் செய்தாளாம், யாரும் நம்பவில்லையாம். "நானே நம்பல மேடம், எந்தம்பி பொண்ணு அவ" என்று சொல்லிவிட்டுத் தாயம்மா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். நோரா ரசீது எழுதிக் கொடுத்தாள். பாவம் என்று நினைத்தாள். பாவம் என்று நினைக்கக் காசா பணமா.

அக்கினி நட்சத்திரத்தின் இரண்டாவது வாரம். லேபில் ஏசி ஒன்று ரிப்பேர். இருந்த இன்னொன்றை இயந்திரங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள், மனிதர்கள் வியர்த்தார்கள். திங்கட்கிழமை காலை நோரா வழக்கம்போல் வெறும் கரைப்பானை ஒரு குப்பியில் ஊற்றி ஓட்டினாள். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. வரைபடம் துடைத்த பலகை மாதிரி வர வேண்டும். பதினான்காவது நிமிஷத்தில் ஒரு மேடு எழும்பியது. எத்தியான் எழும்புகிற அதே நிமிஷம்.

முதலில் இயந்திரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். அலமாரியைத் திறந்து புது வில்லை, புதுக் கண்ணாடிக் குழாய் எல்லாம் மாற்றினாள். கை கூசியது, மாற்றினாள். மறுபடி ஓட்டினாள். மேடு அப்படியே நின்றது. கடைசியாக ஒரு புதுக் குப்பியை எடுத்து அதே கரைப்பானை ஊற்றினாள். பலகை சுத்தமாக வந்தது.

கழுவி வைத்த தட்டிலிருந்து பத்துக் குப்பிகளை எடுத்து, பத்திலும் வெறும் கரைப்பானை ஊற்றி வரிசையாக வைத்தாள். ஒன்றுக்கு அரை மணி. ஐந்து மணி நேரம் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாள். கொண்டுவந்த தயிர்ச்சாதம் பைக்குள்ளேயே புளித்தது. பத்தில் மூன்று குப்பிகள் மேடு காட்டின.

குப்பி கழுவும் வேலையை மார்ச்சிலிருந்து மஹ்விஷ் பார்க்கிறாள். திருவல்லிக்கேணிப் பெண், எம்.எஸ்ஸி. முடித்து வந்து இரண்டு வருஷம், சொன்னதைச் சொன்னபடி செய்பவள். மணிக்கட்டு தாங்காமல் நோராதான் அந்த வேலையை அவளிடம் தள்ளிவிட்டு, செய்முறையை ஒரு தாளில் எழுதி சிங்க்குக்கு மேல் ஒட்டியிருந்தாள். மஹ்விஷைக் கூப்பிட்டு, எப்படிக் கழுவுகிறாய், செய்துகாட்டு என்றாள். பெண் தாளைப் பார்த்தபடி ஒவ்வொன்றாகச் செய்தாள். ஒன்று, எல்லா மூடிகளையும் கழற்றிக் குப்பையில் போடவும். போட்டாள். இரண்டு, மிச்சத்தைக் கழிவுக் குடத்தில் ஊற்றவும். ஊற்றினாள். மூன்று, சிவப்புப் பொட்டு வைத்த குப்பிகளைத் தனியே பிரித்து எறிந்துவிடவும்.

மஹ்விஷின் கை அங்கே நின்றது. எதிரில் நாற்பது குப்பிகள், எல்லாம் அம்மணமாக, எல்லாம் ஒரே மாதிரி. பொட்டு வைத்த மூடிகள் குப்பைக் கூடையில் கிடந்தன.

நோரா தானே கழுவிய நாட்களில் தட்டைக் கையில் எடுக்கும்போதே பொட்டுக் குப்பிகளைக் கண் தானாகப் பொறுக்கி ஓரம் தள்ளிவிடும். பொறுக்குகிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அதனால்தான் எழுதும்போது அந்த வரி மூன்றாவதாகப் போய் விழுந்தது. முதல் கோணல் முற்றும் கோணல்.

மஹ்விஷ் குரல் இறங்கிச் சொன்னாள், "நான் ஒரு தடவ கேட்டேன் மேம். பொட்டு எதுல பாக்கறதுன்னு. பேப்பர்ல இருக்கற மாதிரி பண்ணுன்னீங்க. மருந்து வெச்ச ஸ்டாண்டர்ட் குப்பியெல்லாம் வேற தட்டுல தனியா போயிடுதுன்னு நெனச்சிட்டேன்."

கேட்டது நோராவுக்கு ஞாபகம் இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்ன பதிலும் ஞாபகம் இருந்தது. கூடவே நேற்றைய அசிட்டோனும் ஞாபகம் வந்தது. மருந்துக் குப்பி அலசிய அசிட்டோனில்தானே மறுநாள் எல்லாக் குப்பியும் குளித்தன.

வீட்டில் அன்று மாலை கணவர் ஆரோக்கியநாதன் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நோரா செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்து, ஒரு பையன் பேப்பரைத் தப்பாகத் திருத்தி ஃபெயில் போட்டுவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள்.

"மார்க்க மாத்திப் போட்டுடுவேன்" என்றார் அவர். இன்னும் இரண்டு வெண்டைக்காய் நறுக்கிவிட்டு, "ஆனா அதுக்குள்ள அவன் வீட்ல அடி வாங்கியிருப்பான். அத என்ன பண்றது?" என்றார்.

சாம்பிள் எது வந்தாலும் பாதியை முத்திரை போட்டு முப்பது நாள் ஃபிரிட்ஜில் வைத்திருப்பது விதி. தாயம்மாவின் மிளகாய்ப் பொடிக்குத் திங்களன்று இருபத்தாறாவது நாள். செவ்வாய்க்கிழமை நோரா பொட்டலத்தைப் பிரித்தாள். முத்திரையை உடைத்ததும் நல்ல காரமான வாசனை வந்தது. முதலிலிருந்து சாறு இறக்கி, புதுக் குப்பிகள் மூன்றில் ஊற்றி, மூன்று முறை ஓட்டினாள். மூன்று முறையும் பதினான்காவது நிமிஷம் தட்டையாகப் போயிற்று. கயல் ஒடித்து முகர்ந்து வாங்கிய மிளகாயில் எத்தியான் இல்லவே இல்லை. நல்ல செய்திதான். நோரா மேஜையில் தலையை வைத்துக்கொண்டாள்.

பாலகணேஷ் மூன்று வரைபடங்களையும் பொறுமையாகப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. கல்யாணம் காட்சிக்கு முன்கூட்டியே சம்பளம் கொடுப்பார், நோராவுக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரிக்குக் காரில் கூட்டிப் போனவர். ஆனால் ஜூனில் அங்கீகாரத்துக்கான ஆய்வு வருகிறது. ஒரு ரிப்போர்ட்டைத் திருத்தினால் மார்ச்சிலிருந்து போன எல்லா ரிப்போர்ட்டையும் தோண்ட வேண்டும். முப்பது நாள் வெள்ளியோடு முடிகிறது, விதிப்படியே பொட்டலத்தைக் கொட்டிவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள் என்றார். நோரா வரைபடங்களை மறுபடி அவர் பக்கம் நகர்த்தியதும் இன்னொரு வழியும் சொன்னார்.

"சரி, திருத்தியே ஆகணும்னா திருத்துங்க. காரணம்னு ஒரு கட்டம் இருக்கில்ல, அதுல மஹ்விஷ் பேர எழுதிடுவோம். சின்னப் பொண்ணு, ட்ரெயினிங் பத்தல, வேலய விட்டு எடுத்தாச்சுன்னு போட்டா ஆய்வுக்கு வர்ற ஆடிட்டர் அதோட விட்டுடுவாரு. அவளுக்கு வேற எடத்துல கெடைக்கும். நீங்க போனா உங்களுக்குக் கெடைக்குமா மேடம்?"

உள்ளதைச் சொல்ல வேண்டும்: நோராவுக்கு அப்போது வந்தது நிம்மதி. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகிறதே என்ற நிம்மதி. கழுவியது மஹ்விஷ்தானே, அதில் பொய் இல்லையே. சரி என்று சொல்ல வாயைத் திறந்தாள். ஒன்பது பேர் நடுவில் பிள்ளை மேல் சத்தியம் செய்தவளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அந்த நேரம் பார்த்துத் தோன்றித் தொலைத்தது. மிளகாய் வாங்கியது கயல்தானே. அதிலும் பொய் இல்லைதான்.

"பேப்பர் எழுதினது நான் சார்" என்றாள். "எம் பேரத்தான் போடணும்."

அவளே உட்கார்ந்து எழுதினாள். திருத்திய ரிப்போர்ட், காரணம், மார்ச் முதல் மறுபடி பார்க்க வேண்டிய அறுபத்து நான்கு ரிப்போர்ட்டுகளின் பட்டியல். பாலகணேஷ் நீண்ட நேரம் அதைக் கையில் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நாளையிலிருந்து ஓய்வெடுங்கள், ஆய்வு முடிந்ததும் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று இருபத்து மூன்று வருஷ சர்வீஸுக்குத் தெரியாதா. அலமாரிச் சாவியை மஹ்விஷிடம் கொடுத்தாள். சிங்க்குக்கு மேல் ஒட்டியிருந்த தாளைக் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கேடயத்தை எடுக்கவில்லை. எடுத்தால் கையுறைப் பெட்டி சரிந்துவிடும்.

மறுநாள் பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. மந்தைவெளியில் இறங்கி, வழி கேட்டுக் கேட்டு, கால்வாய் நாற்றத்தைப் பிடித்துக்கொண்டே போய் மசாலா அறையைக் கண்டுபிடித்தாள் நோரா. தாயம்மா காகிதத்தை வாங்கவில்லை, படிக்கச் சொன்னாள். நோரா படித்தாள். படித்ததைச் சாதாரணப் பேச்சில் மறுபடியும் சொன்னாள். பொடியில் மருந்து இல்லை, மருந்து எங்கள் குப்பியில் இருந்தது, தப்பு எங்களுடையது, என்னுடையது.

தாயம்மா கத்துவாள் என்று எதிர்பார்த்திருந்தாள். கத்தியிருந்தால் தேவலை. அவள் வாசற்படியில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"நாப்பது கிலோ பொடிய பள்ளம் தோண்டிக் கொட்னோம் மேடம். தெரு நாயிகூட ஒரு வாரம் அந்தப் பக்கம் போவல. அது போவட்டும், அரைச்சிக்கலாம். அவள இன்னா இன்னா கேட்டேன் தெரியுமா? நான், இந்த வாயால." நோரா நீட்டிய காகிதத்தைத் தள்ளிவிட்டு, "இந்தக் காயிதத்த எங்கையில குடுக்காதீங்க. அவளாண்ட குடுங்க. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு குடுக்கறது" என்றாள்.

கயல் இப்போது ஆழ்வார்பேட்டையில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். தாயம்மா சொன்ன அடுக்குமாடியின் பின்பக்கம், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், குழாயடியில் ஒரு பெரிய குக்கரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். நோராவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. நோரா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். வழியெல்லாம் பஸ்ஸில் கோத்து வைத்த வார்த்தைகள் அவிழ்ந்து போய், மூடி, பொட்டு, அசிட்டோன் என்று முன்னும் பின்னுமாக வந்தன. மேடு காட்டிய குப்பிகளில் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். அதையும் எடுத்துக் காட்டினாள். எதற்காகக் கொண்டுவந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கயல் ஈரக் கையால் குப்பியை வாங்கி வெயிலுக்கு எதிராகப் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்தாள்.

"சுத்தமாத்தான கீது."

"கண்ணுக்குத் தெரியாது."

"இது இன்னா வெல?"

"முப்பது ரூபா இருக்கும்."

கயல் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சிரிப்பாள் போல இருந்தது, சிரிக்கவில்லை. "மேல ரெண்டாவது மாடில முட்ட வாசன போவலன்னு ஒரு தட்ட மூணு தபா திருப்பி அனுப்பிச்சாங்க. மூணு தபாவும் தேச்சிக் குடுத்தேன். கழுவறதுக்கு எங்கையில குடுத்திருக்கலாம் மேடம் நீங்க" என்றாள்.

மன்னித்துக்கொள் என்ற வார்த்தை நோராவுக்கு வந்தது, சரியாக வரவில்லை. காகிதத்தை நீட்டினாள். கயல் அதை வாங்கவில்லை.

"இந்தக் காயிதத்த யாரு படிப்பாங்க? என்ன எல்லார் எதுர்லயும் நிக்கவெச்சிக் கேட்டாங்க. நீங்க அங்க வந்து, எல்லார் எதுர்லயும், வாயால சொல்லுங்க. இன்னும் ரெண்டு வூடு கீது எனக்கு. முடிச்சிட்டு வரேன். இப்டி குந்துங்க."

நோரா ஜெனரேட்டர் மேடையின் நிழலில் குந்தினாள். இரண்டு வீடு முடிய மூன்றரை மணி நேரம் ஆயிற்று. வாட்ச்மேன் இரண்டு முறை வந்து யாரென்று விசாரித்துவிட்டுப் போனார். அதற்குள் அவள் தூங்கியும் போனாள். முட்டி விறைத்து, வாய் திறந்து, கைப்பையைக் கட்டிக்கொண்டு தூங்கினவளைக் கயல் வந்து தோளில் தட்டி எழுப்பினாள். பஸ்ஸில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். டிக்கெட்டை அவரவர் எடுத்தார்கள்.

ஐந்தரை மணிக்கு மசாலா அறையில் எட்டுப் பெண்களும் இருந்தார்கள். வறுத்த மல்லியின் சூடு இன்னும் அறைக்குள் நின்றது. கயல் உள்ளே வராமல் நிலைப்படியில் சாய்ந்துகொண்டாள். நோரா நடுவில் நின்று சொன்னாள். மூன்றாவது முறை சொல்வதாலோ என்னவோ, இந்த முறை கோவையாக வந்தது. பொடி சுத்தமான பொடி. மிளகாய் நல்ல மிளகாய். கயல் யாரையும் ஏமாற்றவில்லை. தப்பாக எழுதிக் கொடுத்தது நான், திரும்பப் பாருங்கள் என்று அந்தப் பெண் கேட்டபோது முடியாது என்று சொன்னதும் நான். சுவரோரம் இருந்த ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். இன்னொருத்தி மூக்கைச் சிந்தினாள்.

தாயம்மாதான் எழுந்தாள். கயலிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு வந்துடு கண்ணு. கடக்காரன் கையில நானே போயிப் பேசறேன். புதுசா காய் வாங்கணும், உன்ன வுட்டா யாரு வாங்குவாங்க?"

கயல் கையை உதறவில்லை. மெதுவாகத்தான் விடுவித்துக்கொண்டாள்.

"நீ கூப்புடுவன்னு நான் வரல அத்த. அவங்க சொல்றப்ப உங்க மூஞ்சியெல்லாம் எப்டி கீதுன்னு பாக்கணும். அதுக்குத்தான் வந்தேன். பாத்துட்டேன்."

செருப்பை மாட்டிக்கொண்டாள். ஆறரைக்கு ஒரு வீடு இருக்கிறதாம். நாலு எட்டு வைத்தவள் திரும்பி நோராவைப் பார்த்தாள்.

"அந்தக் குப்பியெல்லாம் கழுவிச்சே ஒரு பொண்ணு, அத இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. வேலைல இருக்கா. எழுதினது நான்தான், அதனால எம் பேர போட்டுட்டேன்."

கயல் அவளை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள். எதற்கென்று புரியாமல் நோரா விழித்தாள்.

"காயிதத்த குடுங்க" என்றாள் கயல். வாங்கி நான்காக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.